கைக்கடிகாரக் கணக்கை மருத்துவரிடம் காட்டலாமா?

மயிலைவாசி:
அறுபதைக் கடந்த என் தந்தைக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. அவருடைய ஸ்மார்ட் வாட்சில் பல மாதங்களாகச் சேர்ந்திருந்த நாடித்துடிப்பு, தூக்கம், நடை விவரங்களை அச்செடுத்துச் சென்றோம். மருத்துவரோ தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "எச்பிஏ1சி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். நோயாளியை ஆண்டுக்குச் சில நிமிடங்களே காணும் ஒருவர், எஞ்சிய நாள்களின் பதிவு கைக்கு வரும்போது அதை ஒதுக்குவது முறையா?

கோடம்பாக்கத்தான்:
முறைதான். எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை ஒரே எண்ணில் இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிடுகிறது. வாட்ச் சொல்லும் எண்களில் எதை நம்புவது? எல்லோரும் துரத்தும் 10,000 அடி இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியோடு பரவியதே தவிர, ஆய்வில் பிறந்ததன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் ஆகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிழை காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், இரண்டு ஆண்டு முடிவில் கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோவும், அணியாமல் பயிற்சித் திட்டத்தை மட்டும் பின்பற்றியவர்கள் 5.9 கிலோவும் எடை குறைந்திருந்தார்கள்.

மயிலைவாசி:
கலோரிக் கணக்கை நானும் நம்புவதில்லை. ஆனால் நீங்கள் காட்டும் அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், ஏழில் ஆறு கருவிகளின் நாடித்துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்ததை விட்டுவிட்டீர்களே! 10,000 என்பது வியாபார எண் என்பதால் அடிகளை எண்ணுவதே வீண் என்றாகிவிடாது. 2019-இல், சராசரி வயது 72 கொண்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 2,700 அடி நடந்தவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது; 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. முழங்கால் வலியோடு நடக்கும் என் தந்தைக்கு எட்டக்கூடிய இலக்கு அந்த 4,400.

திருவான்மியூர் ஆசிரியை:
நீரிழிவுக்காரி என்ற முறையில் குறுக்கிடுகிறேன். மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சரை அவ்வப்போது பயன்படுத்துகிறேன். வெண்பொங்கல் சாப்பிட்ட காலையிலும், இரண்டு இட்லியோடு சாம்பாரும் சுண்டலும் சாப்பிட்ட காலையிலும் கோடு ஏறும் விதமே வேறு. எச்பிஏ1சி என்ற சராசரிக்குள் அந்த ஏற்ற இறக்கம் மறைந்துபோகும். அதே சமயம், சென்சர் இருக்கும் பக்கம் ஒருக்களித்துப் படுத்துவிட்டால், சர்க்கரை தாழ்ந்துவிட்டதென்று நள்ளிரவில் அலாரம் அடிக்கும். எழுந்து விரலில் குத்திப் பார்த்தால் அளவு சரியாகவே இருக்கும். அது அளப்பது இரத்தத்தை அன்று, தோலுக்கடியில் திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை. அந்த இடம் அழுந்தினால் அளவு பொய்யாகத் தாழும். இது தெரியாமல் பாதித் தூக்கத்தில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. இன்னொன்று: ஊசியே இல்லாமல் சர்க்கரை அளப்பதாக விற்கப்படும் வாட்சுகளை வாங்காதீர்கள். அப்படிப்பட்ட எதற்கும் தாங்கள் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

கோடம்பாக்கத்தான்:
ஆசிரியை சொல்வதை ஏற்கிறேன்; அது குறிப்பிட்ட ஒரு நோய்க்கான மருத்துவச் சாதனம். மயிலைவாசி காட்டும் ஆய்வோ, அதிகம் நடந்தவர்கள் தொடக்கத்திலேயே நலமாக இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை முழுவதும் தீர்ப்பதில்லை. மேலும், கத்திரி வெயில் காலத்தில் நாகேஸ்வரராவ் பூங்காவை மாலையில் சுற்றினால், வழக்கமான வேகத்திலேயே நாடி எகிறும். புழுக்கத்தின் வேலையை இதய நோயென்று எண்ணி, இரவெல்லாம் வரைபடத்தையே வெறித்துக்கொண்டிருப்பவர்களை என் அலுவலகத்திலேயே பார்க்கிறேன். அவர்கள் கையில் வாட்ச் இல்லாதிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

மயிலைவாசி:
அதனால்தான் ஒரு நாள் எண்ணைவிடப் பல வாரப் போக்கு முக்கியம் என்கிறேன். என் தந்தைக்கு, நாடித்துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அதன்பின் ஓய்வு நேர நாடி எவ்வளவு தாழ்ந்தது என்பதை ஆய்வகச் சீட்டு எதுவும் சொல்லப்போவதில்லை. அடுத்த முறை, வாராந்திர ஓய்வு நாடிச் சராசரி, வீட்டு பி.பி. கருவியில் எடுத்த அளவுகள், மாத்திரை மாற்றிய தேதி ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போகப்போகிறேன். அதையும் பார்க்க மறுப்பாரா?

கோடம்பாக்கத்தான்:
ஒரே தாள் என்றால் பார்ப்பார். தூக்க வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.