ஆர்கானிக் பருப்பு: பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: "நேச்சுரல்", "கெமிக்கல் ஃப்ரீ" என்று போட்ட துவரம்பருப்பு இரண்டு மடங்கு விலை. நிஜமாகவே ஆர்கானிக்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1: அந்த வார்த்தைகளை நம்பாதீங்க. ஆர்கானிக் உணவுக்கான அரசு முத்திரையான ஜெய்விக் பாரத்தும், என்பிஓபி (அரசு அங்கீகரித்த நிறுவனம் சோதித்துத் தருவது) அல்லது பிஜிஎஸ் (விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சோதித்துத் தருவது) சான்றும் இருக்கணும். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் உணவு வியாபாரத்துக்கான உரிமம், அவ்வளவுதான்; ஆர்கானிக் சான்று இல்லை. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

பதில் 2: பிஜிஎஸ்-கிரீன் என்றால் நிலம் இன்னும் ரசாயன விவசாயத்திலிருந்து ஆர்கானிக்குக்கு மாறும் கட்டத்தில் இருக்குன்னு அர்த்தம். அதற்கு முழு ஆர்கானிக் விலை கொடுக்காதீங்க.

பதில் 3: ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு விவசாயி நேரடியாக விற்றால் சான்று கட்டாயமில்லை. முத்திரை இல்லைன்னு அவரை ஒதுக்கிடாதீங்க, பாவம். என்ன உரம் போடுறார், பக்கத்து வயலில் மருந்தடித்தால் வரப்பில் என்ன தடுப்பு என்று கேளுங்க. வண்டு விழுந்திருந்தால் ஆர்கானிக் என்பதும் தப்பு. பருப்பு சரியாகக் காயாவிட்டாலே வண்டு வரும்.