எக்ஸ்போஷருக்கு ‘வெளிப்பாடு’ பொருந்தாது: ‘உறுபாடு’ குறித்து

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

‘எக்ஸ்போஷர்’ (exposure) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகச் சென்ற வாரம் நான் முன்வைத்த ‘உறுகை’ என்னும் சொல்லுக்கு மூன்று மறுப்புகள் வந்திருக்கின்றன. மூன்றையும் பலமுறை படித்துப் பார்த்தேன். இரண்டை ஏற்கிறேன், ஒன்றை மறுக்கிறேன். சொல்லையும் சற்று மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். இடையில் சேர்ந்தவர்களுக்காக, இந்தத் தேடல் எங்கே தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேதிப்பொருள்களையும் உயிரித்தொழில்நுட்பத்தையும் கையாள்வதில் உள்ள இடர்களை மதிப்பிடும் பாடத்தை முதுநிலை மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். 1983-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் வகுத்துக் கொடுத்த நான்கு படிகளே இன்றும் இப்பாடத்துக்கு அடித்தளம். ஒரு பொருளுக்கு என்ன தீங்கு செய்யும் இயல்பு உண்டு என்று இனங்காண்பது முதற்படி. எவ்வளவுக்கு எவ்வளவு விளைவு என்று கணிப்பது இரண்டாவது. அந்தப் பொருள் யாரை, எந்த வழியில், எவ்வளவு நேரம், எந்த அளவில் வந்து சேர்கிறது என்று அளப்பது மூன்றாவது. இவற்றைக் கூட்டி இடர் இவ்வளவு என்று உரைப்பது நான்காவது. ஹசார்டுக்குத் ‘தீங்கியல்பு’ என்றும் ரிஸ்க்குக்கு ‘இடர்’ என்றும் நாம் முன்பே ஒருவாறு முடிவு செய்துவிட்டோம். இலங்கை நண்பர்கள் ரிஸ்க்கை ‘இடர்நேர்வு’ என்று எழுதுகிறார்கள். அதுவும் நல்ல சொல்தான், அதன்மீது எனக்கு வழக்கில்லை. சிக்கல் முழுவதும் மூன்றாம் படியில் இருக்கிறது. அந்தப் படியில் அளக்கப்படும் எக்ஸ்போஷரைப் பெரும்பாலோர் ‘வெளிப்பாடு’ என்றே எழுதிவிடுகிறார்கள்.

இது வகுப்பறையோடு நிற்கும் சிக்கல் அன்று. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் கிடைக்க வேண்டும். அப்படி அச்சான ஒரு தமிழ்ச் சுருக்கத்தை என் மாணவர் ஒருவர் வகுப்புக்குக் கொண்டுவந்தார். ‘தொழிலாளர்களின் அமோனியா வெளிப்பாடு எட்டு மணி நேரத்துக்கு வரம்புக்கு உட்பட்டே இருக்கும்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்த அவருடைய தாயார், “ஆளுங்க மேல இருந்தா அமோனியா வெளிய வருது?” என்று கேட்டாராம். அவர் கேட்டது முற்றிலும் சரி. தமிழில் ‘வெளிப்பாடு’ என்றால் உள்ளிருப்பது வெளியே வருவது. நாம் சொல்ல நினைப்பதோ வெளியே இருப்பது ஆளிடம் வந்து சேர்வது. திசையே தலைகீழாகிவிட்டது. தம் ஊருக்கு என்ன வரப்போகிறது என்று அறிய வந்தவருக்கு இப்படிப்பட்ட ஒரு வரியைக் கொடுத்து அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை.

உயிரித்தொழில்நுட்பப் பகுதிக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே ‘மரபணு வெளிப்பாடு’ (மரபணுவில் உள்ள குறிப்பின்படி உயிரணுவுக்குள் புரதம் உண்டாவது) என்பது ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல், பொருத்தமான சொல்லும்கூட. பூச்சிகளைக் கொல்லும் நச்சுப்புரதம் தன்னுள் உண்டாகும்படி மரபணு மாற்றப்பட்ட பி.டி. மக்காச்சோளத்தின் மகரந்தமும் மோனார்க் வண்ணத்துப்பூச்சியும் பற்றிய புகழ்பெற்ற விவாதத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த மகரந்தத்தைத் தூவிய இலைகளைத் தின்ற புழுக்கள் ஆய்வகத்தில் மடிந்ததாக 1999-இல் ஓர் ஆய்வுக் குறிப்பு வெளிவந்து, பெரும் கவலையைக் கிளப்பிற்று. அந்தப் புழு தின்பது மக்காச்சோளத்தை அன்று. நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த, பால் வடியும் ஒரு செடியின் இலையைத்தான். ஆகவே வயலிலும் வயலோரத்திலும் அந்த இலைமீது எவ்வளவு மகரந்தம் உதிர்கிறது, உதிரும் பருவத்தில் புழு அங்கே இருக்கிறதா என்பனவெல்லாம் அளக்கப்பட்டன. 2001-இல் வெளியான ஆய்வுகள் இடர் மிகக் குறைவு என்று முடிவு கூறின. ‘176’ என்று எண்ணிடப்பட்ட ஒரு வகையை மட்டும் தனித்துச் சுட்டின. ஏனென்றால் அவ்வகையின் மகரந்தத்தில் நச்சுப்புரதம் மற்ற வகைகளைவிட மிகுதியாக உண்டானது.

இதை இன்றைய வழக்கில் எழுதினால், ‘மகரந்தத்தில் புரதத்தின் வெளிப்பாடு குறைவாக இருந்ததாலும் புழுக்களின் வெளிப்பாடு குறைவாக இருந்ததாலும் இடர் குறைவு’ என்று வரும். முதல் வெளிப்பாடு செடிக்குள் நிகழ்வது, இரண்டாவது புழுவுக்கு நேர்வது. முன்னது தீங்கியல்பைச் சார்ந்தது, பின்னது அதனின்று முற்றிலும் வேறான படி. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் பாடமே என்னும்போது, இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கையில் கொடுத்துவிட்டு மாணவர் குழம்புகிறார் என்று குறைகூற நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இனி மாற்றுச் சொற்களைப் பார்ப்போம். ‘தாக்கம்’ விளைவைக் குறிப்பது, ஆகவே ஆகாது. ‘ஆட்படுதல்’ மனிதருக்குப் பொருந்தும். புழுவுக்கும் மண்ணுக்கும் ஏரி மீனுக்கும் சொன்னால் நெருடுகிறது. என் மனம் முதலில் சென்றது ‘படுதல்’ என்ற சொல்லிடம்தான். ‘ஆசிட் கையில் பட்டுவிட்டது’, ‘வெயில் படாத இடத்தில் வைக்கவும்’ என்று நாள்தோறும் சொல்லும் சொல் அது. ஆனால் அதிலிருந்து பெயர்ச்சொல் ஆக்கினால் ‘படுகை’ காவிரிக்குப் போய்விடுகிறது, ‘படல்’ வேலிக்குப் போய்விடுகிறது. மேலும், படுவது என்பது மேலே படுவது. மூச்சில் இழுத்ததையும் சோற்றோடு உள்ளே போனதையும் ‘பட்டது’ என்று யாரும் சொல்வதில்லை. பணியிடங்களில் உடலுக்குள் நச்சு செல்லும் வழிகளில் மூச்சே முதன்மையானது என்பதால் இது சிறிய குறை அன்று.

இந்த இடத்தில்தான் ‘உறு’ என்னும் வேர் எனக்குத் துணைக்கு வந்தது. நோயுற்றவர், காயமுற்றவர், விபத்துற்றவர் என்று இன்றும் எழுதுகிறோம். ஒன்று வந்து சேர்வதையே உறுதல் சொல்கிறது. தோல், மூச்சு, வாய் என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. இதே வேரிலிருந்து வந்த ‘ஊறு’ என்ற சொல்லுக்குக் குறளில் இரண்டு பொருள் இருப்பதைக் கவனியுங்கள். ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்னும் 27-ஆம் குறளில் அது தொடுவுணர்வு. ‘ஊறொரால் உற்றபின் ஒல்காமை’ என்னும் 662-ஆம் குறளில் அது வரக்கூடிய கேடு. தொடுகையும் கேடும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன. சேர்ந்தால்தான் தீங்கு, சேராதவரை இயல்பு மட்டுமே என்று நான் ஒரு பருவம் முழுவதும் விளக்குவதை இந்த வேர் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

இப்போது மறுப்புகள். மணலியில் பாதுகாப்பு அலுவலராக இருக்கும் நண்பர், ‘உறுகை’ என்பது ஆலைச் சத்தத்தில் ‘ஊறுகாய்’ என்று காதில் விழும் என்று எழுதியிருந்தார். முதலில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசும் சொல் பிழையாகக் கேட்கக்கூடாது என்பது அவருடைய தொழிலின் முதல் விதி, அதை ஏற்கிறேன். யாழ்ப்பாணத்து ஆசிரியை, ‘கை உறுகை’, ‘தோலுறுகை’ போன்ற தொடர்களில் ‘கை’ உறுப்பாகப் படிக்கப்படுகிறது என்று காட்டினார். அதுவும் சரியே. எனவே ‘உறுபாடு’ என்று மாற்றுகிறேன். வேறுபாடு, செயல்பாடு போல ‘பாடு’ என்னும் ஈறு எல்லோருக்கும் பழகியது. நான் விட மனமில்லாமல் விட்ட ‘படு’வும் அதற்குள் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு புலவர் ஐயா அவர்களுடையது. ‘உறு’ என்பது மிகுதியை உணர்த்தும் உரிச்சொல் ஆதலால், ‘உறுபசி’ மிகுந்த பசி ஆவதைப் போல உறு என்று தொடங்கும் எந்தத் தொடரும் மிகுதிப் பொருளையே தரும் என்கிறார் ஐயா. உறுபாடும் அப்படியே ‘பெருந்துன்பம்’ என்று படிக்கப்படலாம் என்பதை உணர்கிறேன். இலக்கணத்தில் அவருக்கு முன் நான் மாணவன். ஆனால் திருக்குறளிலேயே வேறோர் இடத்தில் வரும் ‘உறுபொருள்’ என்பதற்குத் தானே வந்து சேரும் பொருள் என்றே உரை காண்கிறோம். அங்கே மிகுதி இல்லை. உறுபாட்டையும் அவ்வாறே வினைத்தொகையாகக் கொள்ள இடமிருக்கிறது. ஐயா இதனை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்.

சொல் கணக்குக்குள் நிற்கிறதா என்றும் பார்த்தேன். அமோனியாவுக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பாகப் பரிந்துரைக்கப்படுவது காற்றின் பத்து இலட்சம் பங்கில் 25 பங்கு. 15 நிமிடக் குறுநேர வரம்பு 35 பங்கு. ஒருவர் இரண்டு மணி நேரம் 40 பங்கு உள்ள இடத்திலும் ஆறு மணி நேரம் 10 பங்கு உள்ள இடத்திலும் பணிபுரிகிறார் என்றால், ‘அவருடைய எட்டு மணி நேரச் சராசரி உறுபாடு 17.5 பங்கு, இது வரம்புக்குள் இருக்கிறது, ஆயினும் குறுநேர உறுபாடு வரம்பைக் கடந்துவிட்டது’ என்று எழுதலாம். அமோனியாவின் தீங்கியல்பு இரண்டு இடத்திலும் ஒன்றே, மாறியது உறுபாடு மட்டுமே. உறுபாட்டு வழி, உறுபாட்டு வரம்பு, உறுபாட்டு மதிப்பீடு என்று தொடர்களும் தடையின்றி அமைகின்றன. வினையாக எழுதும்போது வலிந்து புதிய வடிவம் ஆக்க வேண்டியதில்லை. ‘அமோனியா பட்டவர்கள்’, ‘மூச்சில் இழுத்தவர்கள்’ என்று இடத்துக்கேற்ப இயல்பாகவே எழுதலாம்.

ஓர் எல்லையை மட்டும் இப்போதே வகுத்துவிட வேண்டும். உறுபாடு உடலின் வாசலோடு நிற்கிறது. அதைக் கடந்து உள்ளே சென்ற அளவு வேறு. ஆங்கிலத்தில் ‘டோஸ்’ எனப்படும் அதை ‘மருந்தளவு’ என்று எழுதும் வழக்கம் நச்சியலில் கூடவே கூடாது, அங்கே இருப்பது மருந்து அன்று. ‘ஏற்பளவு’ என்பது என் தற்காலிகக் கருத்து. அதற்குத் தனி இழை தொடங்குவது நல்லது.

மணலி நண்பருக்கு ஒரு வேண்டுகோள். வேதிப்பொருள்களோடு தரப்படும் பாதுகாப்புத் தரவுத் தாள்களின் 16 பகுதிகளில் 8-ஆம் பகுதி உங்கள் கையில் நாள்தோறும் புழங்குவது. அதன் தலைப்பை ‘உறுபாட்டுக் கட்டுப்பாடும் தனிநபர்ப் பாதுகாப்பும்’ என்று எழுதி, ஒப்பந்தத் தொழிலாளர் நான்கைந்து பேரிடம் விளக்கம் சொல்லாமல் படித்துக் காட்டுங்கள். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதை அவர்கள் சொற்களிலேயே இங்கே எழுதுங்கள். மாணவரின் தாயாரிடமும் அந்தப் பழைய வரியை ‘தொழிலாளர்களின் அமோனியா உறுபாடு’ என்று மாற்றிப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்.