1820 கேப் குடியேறி: பெற்றோர் பெயர் தேட உதவி வேண்டும்

இங்கிலாந்திலிருந்து 1820-இல் அல்கோவா விரிகுடாவில் இறங்கி, கேப் காலனியின் (இன்றைய தென்னாப்பிரிக்கா) ஆல்பனி பகுதியில் குடியேறிய ஒரு தச்சரின் பெற்றோரைத் தேடுகிறோம். குடியேறிகள் பட்டியலில் அவர் வயது 28. அந்த வயதை அப்படியே நம்ப முடியாது. பிறந்த ஆண்டை 1787 முதல் 1797 வரை பார்க்கிறோம். இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1837-இல்தான் தொடங்கியது என்பதால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி. அங்குள்ள வில்ட்ஷயர் மாவட்டப் பதிவேடுகளில் அதே பெயரில் இருவர். 1813-க்கு முந்தைய பதிவேடுகளில் தந்தையின் தொழில் பெரும்பாலும் இருக்காது, அதனால் பிரித்தறிய வழியில்லை.

கேப் டவுன் காப்பகத்தின் மரண அறிவிப்புப் படிவத்தில் பெற்றோர் பெயர், பிறந்த இடம் இரண்டுக்கும் இடமுண்டு. நிரப்பியவர்கள் பிள்ளைகள்; 'இங்கிலாந்து' என்று எழுதி முடித்துவிட்டார்கள்! மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் துப்புதான், சான்றல்ல.

லண்டன் கியூ காப்பகத்தில் சிஓ 48 (பிரிட்டிஷ் காலனி அலுவலக ஆவணங்கள்) வரிசையில் குடியேற்ற விண்ணப்பக் கடிதங்கள் உள்ளன. அங்கே போகிறவர்கள் 1819-ஆம் ஆண்டுக் கட்டுகளைப் படமெடுத்துத் தர முடியுமா? அவர் வந்த குடியேற்றக் குழுவின் தலைவர் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறோம்.