எக்ஸ்பி ஓடும் அச்சகக் கணினி: வைத்திருப்பதா, கழித்துவிடுவதா?

வண்ணை அச்சகன்:
பழைய வண்ணாரப்பேட்டையில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், ஆடி மாதக் கூழ்வார்ப்பு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றையும் ஒரே கணினியில்தான் வடிவமைக்கிறேன். 2008இல் வாங்கிய கோர் 2 டியோ, 2 ஜிபி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் 7. தமிழ் எழுத்துருத் தொகுப்புக்கான டாங்கிள் (உரிமச் சாவி போன்ற சிறு கருவி) பின்பக்கத்தில் பேரலல் போர்ட்டில் செருகியிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஓர் எழுத்துகூட வராது. 17 ஆண்டு வேலை உள்ளே இருக்கிறது. போன வாரம் இரண்டு முறை தானாக அணைந்து எழுந்தது. “எடைக்குப் போட்டுவிட்டு விண்டோஸ் 11 உள்ள கணினி வாங்குங்கள் அப்பா” என்கிறான் மகன். எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மணலிக் கணக்காளர்:
மகன் சொல்வதைக் கேளுங்கள் அண்ணே. எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் கைவிட்டது 2014 ஏப்ரல் 8ஆம் தேதி. அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் சில தவிர மற்றவை அடைபடாமலே கிடக்கின்றன. 2017 மே மாதம் வானாக்ரை என்ற நச்சு நிரல் பரவியபோது யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரே வலைப்பின்னலில் இருந்தாலே போதும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது.

நான் கணக்குப் பார்க்கும் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வகைத் தாக்குதல் நடந்தது. மூலையில் கிடந்த ஒரு பழைய கணினியில்தான் தொடங்கியது. மூன்று ஆண்டுக் கணக்கை பில் கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். முதலாளி என் எதிரிலேயே அழுதார். அந்த இரவுகளை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. 17 ஆண்டு வேலை என்கிறீர்களே, அதனால்தான் பதறுகிறேன்.

காசிமேடு ரிப்பேர் கடை:
ஐயா சொல்லும் வலி எனக்கும் தெரியும். ஆனால் வானாக்ரையில் விழுந்தவற்றில் மிகப்பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அன்று அது ஆதரவில் இருந்த இயங்குதளம். அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாமல் இணையத்தில் விட்டிருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அண்ணே, முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் கணினியில் இணைய வயர் செருகியிருக்கிறதா? செருகியிருந்தால் இப்போதே பிடுங்கிவிடுங்கள். பேஜ்மேக்கருக்கு இணையம் எதற்கு?

அடுத்தது, தானாக அணைவது. அதற்குக் காரணம் எக்ஸ்பியாக இருக்க வாய்ப்பு குறைவு. பிராசஸரின் மேல் இருக்கும் பேஸ்ட் பத்தாண்டுகளில் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும், ஃபேனில் பஞ்சு அடைத்துக்கொள்ளும், சூடு ஏறியதும் போர்டு தானாகவே அணைத்துக்கொள்ளும். இல்லையென்றால் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி தளர்ந்திருக்கும், அல்லது மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கும். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: கடல் காற்று. ரேமின் தங்க விளிம்பில் உப்பு படிந்து தொடர்பு விட்டுவிட்டுப் போகும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தால் உயிர் வந்துவிடும். ‘மதர்போர்டு போய்விட்டது’ என்று சொல்லி என்னிடம் கொண்டுவந்த எத்தனையோ பெட்டிகளை இந்த ரப்பர் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் இதில் எதையும் செய்வதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கை முழுதாக நகல் எடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வெறும் கோப்புகளை இழுத்துப் போடுவது போதாது. குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளை பென் டிரைவிலிருந்து ஓட்டினால் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் வார்த்துத் தரும். 17 ஆண்டு சுழன்ற டிஸ்க் எந்தக் காலையில் எழாமல் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நகலைச் சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் எடுத்து அதையே மாட்டிவிடலாம். கணினி எழும்போது திறக்கும் பயாஸ் திரையில், டிஸ்க் இணைப்புக்கான சாட்டா அமைப்பு ஐ.டி.இ. என்று இருந்தால் அதை மாற்றாமல் விடுங்கள். மாற்றினால் எக்ஸ்பி நீலத்திரை காட்டும்.

மணலிக் கணக்காளர்:
இணைய வயரைப் பிடுங்கினால் தீர்ந்ததா தம்பி? 2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சு நிரல் ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்துக்குள் நுழைந்தது பென் டிரைவ் வழியாக. அந்த நிலையம் இணையத்தோடு இணைக்கப்படாதது. அச்சகத்துக்கு வரும் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் பென் டிரைவோடுதான் வருகிறார். மணமகன் படம், கடைச் சின்னம், எல்லாம் அதில்தான் இருக்கிறது. அண்ணன் அதை எங்கே செருகுவார்?

மின்சாரத்தையும் யாரும் பேசவில்லை. பழைய கோர் 2 டியோ பெட்டியும் படக்குழாய் மானிட்டரும் சேர்ந்து சுமார் 150 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 30 யூனிட். இன்றைய சிறிய கணினி ஒன்று எல்.இ.டி. திரையோடு இதில் மூன்றில் ஒரு பங்குகூட எடுக்காது.

காசிமேடு ரிப்பேர் கடை:
மானிட்டரைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். படக்குழாய் மானிட்டர் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். செலவில் பாதி அங்கேதான் போகிறது, கண்ணுக்கும் நல்லது.

பென் டிரைவுக்கு என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளரின் பென் டிரைவ் எதுவாக இருந்தாலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட தனிக் கணினியில்தான் ஏறும். தேவையான படத்தை மட்டும் திறந்து பார்த்து, புதிதாகச் சேமித்து, கடைக்கென்றே வைத்திருக்கும் இன்னொரு பென் டிரைவில் எடுத்துப்போவேன். அது வேறு எந்தக் கணினியிலும் ஏறாது. பென் டிரைவைச் செருகியதும் நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன்னை எக்ஸ்பியில் அணைத்துவிட்டிருக்கிறேன். ஸ்டக்ஸ்நெட் ஒரு நாட்டின் அணு நிலையத்தைக் குறிவைத்துப் பல மாதம் உழைத்து எழுதப்பட்டது. நம் கடைகளுக்கு வருவது பழைய ஆட்டோரன் வைரஸ்கள். அவற்றுக்கு இந்த வழக்கம் போதும்.

மணலிக் கணக்காளர்:
நீங்கள் அந்த வழக்கத்தைத் தவறாமல் கடைப்பிடிப்பீர்கள், நம்புகிறேன். முகூர்த்த மாதத்தில் இரவு 11 மணிக்கு, வேலைக்கு வரும் பையன் கடைப்பிடிப்பானா? அந்த மொத்தக் கடையிலும் வழக்கம் இருந்தது. ஒரே ஒரு நாள் தவறியது.

வியாசை மாலைப்பள்ளி:
பேச்சு எக்ஸ்பியிலேயே நிற்கிறது. பழைய கணினிக்குப் பழைய இயங்குதளம்தான் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? நான் வியாசர்பாடியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளின் பரணில் தூங்குகின்றன. படித்து வேலைக்குப் போன அண்ணன்களும் அக்காக்களும் கொடுத்தவை ஒன்பது என்னிடம் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் அன்று கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் இங்கே உருவாக்கியது அது. அன்று யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டோம், ரேமை 4 ஜிபி ஆக்கினோம், டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த மேசைத்தளம் ஏற்றினோம். எழுந்து நிற்க ஐந்து நிமிடம் எடுத்தவை அரை நிமிடத்தில் தயார். பாதுகாப்புத் திருத்தங்கள் இன்றும் வருகின்றன. கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கி வைத்திருக்கிறேன், இணையமே இல்லாமல் பிள்ளைகள் தேடிப் படிக்கிறார்கள். தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சும் நடக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் ஏற்கப்பட்ட அதே அமைப்பு. உயிர் இடது கையில், மெய் வலது கையில் என்று சொல்லிக்கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டு வாரத்தில் பார்க்காமல் அடிக்கிறாள்.

கொடுங்கையூர் தங்கை:
அக்கா, உங்கள் உழைப்பை வணங்குகிறேன். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய கணினி என்றால் ஏன் எப்போதும் எங்கள் வடசென்னைப் பிள்ளைகளுக்கே வருகிறது? நகரத்தின் குப்பை எங்கள் மேட்டில், அனல்மின் நிலையத்தின் சாம்பல் எண்ணூரில், நிறுவனங்கள் கழித்துப்போட்ட கணினிகள் ‘நன்கொடை’ என்ற பெயரில் எங்கள் பள்ளிகளில். தென்சென்னையில் அதே வயதுப் பிள்ளை நிரல் எழுதிப் பழகும் வேகத்துக்கு இந்த 4 ஜிபி ரேம் ஈடு கொடுக்குமா? கல்லூரியில் முதல் நாள் ஆய்வகத்தில் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் தயங்காமல் திறந்த மென்பொருளை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்தக் கூச்சம் போக ஓர் ஆண்டு ஆனது.

வியாசை மாலைப்பள்ளி:
நீ சொல்வது நெஞ்சில் தைக்கிறது அம்மா. மறுக்கப் போவதில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு மேல் இந்த ஒன்பதும் போதாது என்பதால்தான் புதிய கணினி கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மனு நிறைவேறும் வரை ஆறாம் வகுப்புப் பிள்ளையை வெறுங்கையோடு உட்கார வைக்க எனக்கு மனம் இல்லை. பைத்தான் கற்றுக்கொள்ள இந்த மடிக்கணினி போதும். காணொளி வெட்டவும் செயலி உருவாக்கவும் போதாது. அந்த எல்லையைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கொடுங்கையூர் தங்கை:
சொல்லிவிடுவது நல்லது அக்கா. ஆனால் எல்லை எங்கள் தெருவில் மட்டும் இருப்பதை நான் ஏற்கப் போவதில்லை.

அச்சக அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. ‘எடைக்குப் போடு’ என்பது உங்கள் மகனுக்கு ஒரு சொல். எங்களுக்கு அது புகை. வயரை எரித்துச் செம்பு எடுக்கும்போது வரும் நாற்றம் வீட்டுக்குள் மறுநாள் வரை நிற்கும். படக்குழாய் மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, அதைச் சுத்தியலால் உடைக்கிறார்கள். மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் புதிதாக நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். எப்போது கழித்தாலும் தள்ளுவண்டியில் ஏற்றாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் ரிப்பேர் கடை அண்ணன் பக்கம் நிற்கிறேன்: ஒரு கணினி இன்னும் ஐந்து ஆண்டு ஓடினால் ஐந்து ஆண்டு அது எரியாது.

மணலிக் கணக்காளர்:
லினக்ஸ் ஏற்றினால் ஆயுள் கூடும் என்பது சரிதான், ஆனால் அதுவும் முடிவில்லாதது அல்ல. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளில் நிறுவுவதற்கான பதிப்பே கிடையாது. பழைய பென்டியம் 4 பெட்டிகளை வைத்திருப்பவர்கள் இதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

காசிமேடு ரிப்பேர் கடை:
உண்மை. அவற்றுக்கு டெபியன் 12தான், அதுவும் 2028 ஜூன் வரை. கோர் 2 டியோவும் அந்த மடிக்கணினிகளும் 64 பிட் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள் ஐயா. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு, இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸர் என்ற வரம்பில் தேறாத கணினிகள் என் கடைக்கு வரத் தொடங்கிவிட்டன. எட்டு, ஒன்பது ஆண்டே ஆனவை, 8 ஜிபி ரேமோடு, ஒரு கீறல் இல்லாமல். இவற்றையும் எடைக்குப் போடச் சொல்கிறீர்களா?

மணலிக் கணக்காளர்:
இல்லை. அவற்றில் லினக்ஸ் போடுங்கள், நானே என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. தளமும் வங்கித் தளமும் புதிய உலாவியில்தான் ஒழுங்காக ஓடும், அது லினக்ஸில் கிடைக்கிறது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்குரிய மென்பொருள் லினக்ஸுக்கு உண்டா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் எதிர்ப்பது எக்ஸ்பியை. அதில் என் கருத்து மாறவில்லை.

வண்ணை அச்சகன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே இணைய வயரைப் பிடுங்கிவிட்டேன். மகன் குளோன்சில்லாவை இறக்கித் தந்தான், நகல் எடுத்தாயிற்று. மகனிடம் இருந்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு வாடிக்கையாளர் பென் டிரைவுக்கென்று வாசல் மேசையில் வைக்கப்போகிறோம். ஒரு கேள்வி: இந்தப் பழைய கோப்புகள் டாங்கிள் போன பிறகும் திறக்குமா?

காசிமேடு ரிப்பேர் கடை:
பேஜ்மேக்கர் 7 கோப்புகளை இலவச மென்பொருள்களான லிப்ரே ஆபீஸ் டிராவும் ஸ்கிரைபஸின் புதிய பதிப்புகளும் ஓரளவு திறக்கும். ஆனால் யுனிகோடுக்கு முந்தைய உங்கள் 8 பிட் எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பாமினி, டாப், டாம், டிஸ்கி என்ற பழைய குறியாக்கங்கள் என்றால் என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருள் யுனிகோடாக மாற்றித் தரும். உங்கள் தொகுப்பின் குறியாக்கம் தனி என்றால் அதற்குரிய மாற்றியைத் தேட வேண்டும். எக்ஸ்பியை ஒரு புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினியாக ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், ஆனால் பேரலல் போர்ட் டாங்கிள் அதில் எளிதில் ஒத்துழைக்காது. ஆகவே கணினி நன்றாக இருக்கும்போதே முக்கியமான பத்திரிகை மாதிரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து செய்தால்கூட மழைக்காலத்துக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும்.

மணலிக் கணக்காளர்:
அந்த பி.டி.எஃப்.களை இரண்டு இடத்தில் வையுங்கள் அண்ணே. ஒன்று வீட்டில், தரைத்தளத்தில் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று உங்களுக்கே தெரியும்.

வண்ணை அச்சகன்:
தெரியும். அன்று இந்தப் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுப் பொருட்களைத் தூக்கப் போனேன்.

இன்று காலை 2009ஆம் ஆண்டுக் கோப்புறையிலிருந்து தொடங்கினேன். முதலில் திறந்தது என் தங்கையின் கல்யாணப் பத்திரிகை. பின்பக்கம் துடைக்கும்போது டாங்கிளைக் கழற்றினேன், இரண்டு ஊசிகள் லேசாக வளைந்திருக்கின்றன. இடுக்கியால் நிமிர்த்தலாமா?

காசிமேடு ரிப்பேர் கடை:
கை வைக்காதீர்கள் அண்ணே. அப்படியே துணியில் சுற்றி ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குக் கொண்டுவாருங்கள்.