புதுப்பிப்பு: சாக்லேட் சிஸ்ட், லேசர் ஆபரேஷன் முடிஞ்சிருச்சு (பினாங்கு)

3 வருஷமா குழந்தை இல்ல, இடது சினைப்பையில சாக்லேட் சிஸ்ட் (பழைய ரத்தம் தேங்குன கட்டி), லேசர் லேப்ராஸ்கோபி (வயித்துல சின்ன ஓட்டை போட்டுப் பண்ற ஆபரேஷன்) பண்ணலாமான்னு கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பட்டர்வொர்த் அக்கா சொன்னதுதான் கைகொடுத்துச்சு, முதல்ல ஏஎம்எச் ரத்த டெஸ்ட் (முட்டை எவ்ளோ மிச்சம் இருக்குன்னு காட்டும்) எடும்மா, சிஸ்ட உரிக்கறப்ப நல்ல முட்டையும் கொஞ்சம் போயிரும்னாங்க. எனக்கு முட்டை கம்மிதான் லா, அதனால டாக்டர் உரிக்காம உள்சுவர மட்டும் லேசர்ல கருக்கிட்டாரு. நீல டை விட்டுப் பாத்ததுல ரெண்டு கருக்குழாயும் திறந்திருக்கு. தொப்புள்ல ஒன்னு, கீழ ரெண்டு, அவ்ளோதான் ஓட்டை, மறுநாளே வீடு, 2 வாரம் எம்சி (மெடிக்கல் லீவு).

யாருமே சொல்லாதது தோள்பட்டை வலி! வயித்த உப்ப வைக்க விட்ட கார்பன் டை ஆக்சைடு கேஸ் மிச்சம் இருந்து உதரவிதானத்த (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற தசை) உறுத்துதாம், அந்த வலி தோள்ல தெரியுதாம், 2 நாள் மல்லாக்கப் படுக்க முடியல, எழுந்து நடக்க நடக்கத்தான் கொறஞ்சுச்சு. சிஸ்ட் திரும்பவும் வரலாமாம், ரொம்ப தள்ளிப் போடாம முயற்சி பண்ணச் சொல்லிட்டாரு.