வண்டி நிறுத்த இடம் ஒன்றுதான்: அப்பாவின் புல்லட்டா, என் ஆர்.எக்ஸ்.100-ஆ?

காவிரிக்கரை (திருச்சி) கேட்டது:

வணக்கம். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருக்கும் பழைய வீடு பாகப்பிரிவினைக்கு வந்துவிட்டதால், வருகிற தை மாதம் தில்லைநகர்ப் பக்கம் ஓர் அடுக்ககத்துக்குக் குடிபோகிறோம். அங்கே எங்களுக்கு ஒதுக்கியிருப்பது ஒரு காருக்கும் ஓர் இருசக்கர வண்டிக்குமான இடம் மட்டுமே. என்னிடம் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்றை விற்றாக வேண்டும். எதை விற்பது என்று மூன்று மாதமாக முடிவெடுக்க முடியாமல் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, அப்பா 1986-இல் வாங்கிய புல்லட் 350. திருவொற்றியூரில் செய்தது, வார்ப்பிரும்பு எஞ்சின், வலப்பக்கம் கியர், இடப்பக்கம் பிரேக். லால்குடி, மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து வயல்களுக்கு அப்பா முப்பது ஆண்டுக்கும் மேலாக இதில்தான் போய்வந்தார். 2021-இல் அவர் காலமானார். பதிவின் காலமும் அதே ஆண்டில் முடிந்துவிட்டது. ஆர்.சி. இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உதைத்துக் கிளப்பி, சற்று நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுகிறேன்.

இரண்டாவது, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு என் சம்பளத்தில் 1993-இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ்.100. என் பெயரில் இருக்கிறது. 2028 வரை பதிவு புதுப்பித்திருக்கிறேன். வாரத்தில் நான்கு நாளாவது ஓட்டுகிறேன். அண்மைக்காலமாகக் காலையில் வெண்புகை சற்று அதிகமாக வருகிறது.

எனக்கு இப்போது 55 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது முழங்காலில் தசைநார் அறுவை செய்துகொண்டேன். என் மகள் ஸ்கூட்டர் ஓட்டுவாள். கியர் வண்டி கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். ஆர்.எக்ஸ்.100-ஐ பெங்களூரில் இருந்து ஒருவர் 95,000 ரூபாய்க்குக் கேட்கிறார். படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும், பெயர் மாற்றத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். புல்லட்டை உள்ளூரில் ஒருவர் 80,000-க்குக் கேட்டார்.

இரண்டையும் பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

வடசென்னை வாசி எழுதியது:

நண்பரே, நான் இருபது ஆண்டுகளாக வார்ப்பிரும்பு புல்லட் ஓட்டுபவன் என்பதால் என் கருத்தில் சாய்வு இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள். ஆர்.எக்ஸ்.100-ஐ விற்றுவிடுங்கள் என்பதுதான் என் எண்ணம்.

அதற்கு முதற்காரணம் பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய கார்புரேட்டரில் அதே ஜெட்டை (பெட்ரோல் பாயும் சிறு துளையை) வைத்து ஓட்டும்போது கலவையில் எரிபொருள் குறைந்து, எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாக ஓடும். புல்லட்டில் இரண்டு லிட்டர் அளவுக்கு ஆயில் சுற்றிச்சுற்றி வருகிறது, நிதானமாக ஓடும் எஞ்சின், தாங்கிக்கொள்ளும். ஆர்.எக்ஸ். போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனைக் காப்பாற்றுவது அந்தந்த நேரத்தில் ஆயில் பம்ப் தரும், பெட்ரோலோடு எரிந்துபோகும் 2டி ஆயில் மட்டுமே என்பதால், ஒரு கோடைக்காலத்து நெடும்பயணத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

அடுத்தது உதிரிபாகம். 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி அது. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடினால் எல்லாம் கிடைக்கும் என்பார்கள். கிடைப்பதில் எது அசல், எது போலி என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் அனுபவம் வேண்டும். புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வாக்கில்தான் நின்றது. அதன் பாகங்கள் சிறிய ஊர்களில்கூடக் கிடைக்கின்றன. மேலும், ஆர்.எக்ஸ்.100 திருடர்கள் தேடும் வண்டி. காவலர் இல்லாத அடுக்ககமாக இருந்தால் இதையும் எண்ணிப் பாருங்கள்.

முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். முறையாகக் கிளப்பினால் புல்லட்டுக்குப் பலம் தேவையில்லை. சாவியைத் திருப்பி, அம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்பும் வரை கிக்கரை மெல்ல அழுத்தி, எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, லிவரை விட்ட பிறகு ஒரே சீராக மிதித்தால் ஒன்றிரண்டு மிதியில் கிளம்பிவிடும். உங்கள் அப்பாவும் அப்படித்தான் கிளப்பியிருப்பார்.

---

பழைய பட்டறை (மதுரை) எழுதியது:

தம்பி, நாற்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு எஞ்சினையும் கணக்கில்லாமல் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். சென்னை நண்பர் பெட்ரோலைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். முழங்காலைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை.

தீப்பொறியைத் தூண்டும் பாயின்ட்டின் இடைவெளியும், பொறி விழும் நேரமான டைமிங்கும் சரியாக இருக்கும் நாளில் அவர் சொல்வது போலக் கிளம்பும். டைமிங் சற்றே முன்னால் போன ஒரு காலையில் அதே கிக்கர் எதிர்த்து அடிக்கும். அந்த அடி நேராக முழங்காலில்தான் இறங்கும். உங்கள் எஞ்சினில் கிக்கர் வலப்பக்கம், அறுவை செய்ததும் வலக்கால், கியர் போடுவதும் வலக்கால். திருவானைக்கோவில் பாலத்து நெரிசலில் வண்டி அணைந்துவிட்டால், பின்னால் பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டிருக்கும்போது முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஆர்.எக்ஸ்.-இலும் கிக்கர் வலப்பக்கம்தான் என்றாலும், 98 சிசி எஞ்சினை மிதிப்பதற்கும் 346 சிசி எஞ்சினை மிதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். எடையிலும் ஒன்று 103 கிலோ, மற்றது ஏறக்குறைய 170 கிலோ. அடுக்ககத்துக் கீழ்த்தளச் சரிவில் தள்ளி ஏற்ற வேண்டியவரும் நீங்கள்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் அதிகம் அஞ்சுகிறேன். புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்றவை கீழே, பிரேக் இடக்காலில். நீங்கள் இரண்டுக்கும் பழகியவர். உங்கள் கால் மாற்றிக்கொள்ளும். மகள் கற்கப்போவது இப்போதுதான். ஒரு மாடு குறுக்கே வந்தால் கால் யோசிக்காது, பழகியதைத்தான் செய்யும். பிரேக் என்று நினைத்து கியரை மிதித்து விழுந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்று கடையில் விற்கும் எல்லா வண்டியிலும் கியர் இடப்பக்கம் இருக்கும்போது, அதிலேயே அவள் பழகட்டும். அவளிடம் கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டும் இருந்தால், கியர் வண்டிக்குத் தனியாக விண்ணப்பித்து ஓட்டிக்காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆர்.எக்ஸ்.-ஐ வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். வெண்புகை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் மட்டத்தைக் குறித்து வைத்து 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மட்டம் இறங்கினால், கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையமான கிராங்க் சீல் தேய்ந்து, கியர்பாக்ஸ் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்கிறது என்று பொருள். சீல் மாற்ற எஞ்சின் கூட்டைப் பிரிக்க நேரலாம். செலவு உண்டு, பயம் இல்லை. மறுபக்கத்துச் சீல் போயிருந்தால் புகை வராது. காற்று உள்ளே புகுந்து கலவை இன்னும் வறண்டு, நண்பர் சொன்ன ஆபத்து இரட்டிப்பாகும். ஆகவே மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க (போர் செய்ய), ஒவ்வொரு முறையும் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று பெரிய பிஸ்டன் போடுவோம். எண் எதுவும் இல்லாவிட்டாலோ 0.25 இருந்தாலோ இன்னும் நெடுநாள் ஓடும் சிலிண்டர் அது. 1.00 என்று இருந்தால் அடுத்தது ஸ்லீவ்தான், அதாவது சிலிண்டருக்குள் புது உறை இறக்குவது. ஸ்லீவ் அடிப்பதில் கைதேர்ந்தவர் உங்கள் பக்கம் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

புல்லட்டையும் இதே அக்கறையோடு பாருங்கள், விற்பதானாலும் சரி. சூடான பிறகு அடிப்பகுதியில் கனத்த தட்டல் கேட்கிறதா? ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் திரும்பி வரும் ஆயில் தெரிகிறதா? எஞ்சின் ஆறிய பிறகு, வால்வை இயக்கும் தண்டான புஷ்ராடு விரலுக்கு இலகுவாகச் சுழல்கிறதா? வாங்குபவருக்கு இதையெல்லாம் காட்டி, உள்ளதைச் சொல்லி விற்றால்தான் வண்டி நல்ல கைக்குப் போகும்.

---

கம்பம் பள்ளத்தாக்கு எழுதியது:

அண்ணா, எஞ்சினைப் பற்றிப் பெரியவர் சொல்லிவிட்டார். நான் தாள்களைப் பற்றிச் சொல்ல வருகிறேன், ஏனென்றால் என் அப்பாவின் புல்லட்டில் இதே வழியில் நடந்தவள் நான்.

அப்பா பெயரில் இருக்கும் வண்டியை இன்றைய நிலையில் உங்களால் முறைப்படி விற்க முடியாது. முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை வேண்டும். அம்மாவும் உடன்பிறந்தவர்களும் இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள். பாகப்பிரிவினை நடக்கும் வீட்டில் வண்டியும் ஒரு சொத்துதான். இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய விண்ணப்பம் என்பதால் தாமதத்துக்கான கட்டணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் மாறிய பிறகு படிவம் 25-இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வண்டியை ஆய்வாளர் நேரில் பார்ப்பார். சேசிஸ் எண்ணைத் துலக்கி வைத்துக்கொண்டு போங்கள். எங்கள் வண்டியில் அந்த எண் பெயின்ட்டுக்கு அடியில் மறைந்து, ஒரு நாள் வீணானது.

பெங்களூர்க்காரர் கேட்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு வண்டியைக் கொடுத்துவிட்டால், அவர் பெயர் மாற்றும் வரை சட்டத்தின் முன் உரிமையாளர் நீங்கள்தான். விற்றுவிட்ட வண்டியானாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வேறு மாநிலம் என்பதால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். அதற்குக் காத்திருக்க மனமில்லாதவர் பெயர் மாற்றத்தை மட்டும் ஒழுங்காகச் செய்வார் என்று எப்படி நம்புவது?

ஒன்றைச் சொல்லத் தயங்குகிறேன், ஆனாலும் சொல்கிறேன். அப்பாவின் நினைவு என்று நானும் அந்த வண்டியை மூன்று ஆண்டு துணி போர்த்தி வைத்திருந்தேன். ஆயில் எல்லாம் கிராங்க் அறைக்குள் இறங்கி, டேங்க் உள்ளே துருப்பிடித்து, டயர் வெடித்துக் கிடந்தது. அப்பா இருந்திருந்தால் அந்த நிலையில் அதைப் பார்க்கப் பொறுத்திருக்க மாட்டார். இப்போது அது போடியில் ஓர் ஏலக்காய்த் தோட்டக்காரரிடம் இருக்கிறது. சந்தையில் எப்போதாவது அதன் சத்தம் கேட்டால் நின்று பார்ப்பேன். முதலில் வலித்தது. இப்போது மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

---

காவிரிக்கரை (திருச்சி) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஐயா சொன்னபடி கியர்பாக்ஸ் ஆயிலைக் குறித்து ஓட்டினேன், மட்டம் இறங்கியிருந்தது. பிரித்தபோது இரு பக்கச் சீலும் இறுகிப்போயிருந்தன, இரண்டையும் மாற்றியாயிற்று. பிஸ்டனில் 0.50 என்று இருந்தது. புகை நின்றுவிட்டது.

புல்லட்டைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். சென்னை நண்பர் சொன்ன முறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்பிப் பார்த்தேன். மூன்றாவது மிதியில் கிளம்பியது. அன்று மாலை முழங்கால் வீங்கிவிட்டது. இனி அதை நான் ஓட்டப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. கம்பத்துத் தங்கை இங்கே எழுதியிருந்ததை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓடுற கைக்குக் கொடுத்துடு" என்றார். அம்மாவும் அக்காவும் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். படிவம் 31 கொடுத்தாயிற்று. புதிய ஆர்.சி. வந்து, பதிவு புதுப்பித்த பிறகே விற்பனை. லால்குடியில் ஏற்கெனவே வலப்பக்கக் கியர் வண்டி ஓட்டும் ஓர் இளைஞர் 70,000 தருவதாகச் சொல்லி, அதுவரை காத்திருக்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். முன்பு கேட்ட 80,000-ஐவிட இது குறைவுதான். ஆனால் அவர் வந்ததும் முதலில் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. பெங்களூர்க்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி: இப்போதைய பெட்ரோலுக்கு ஆர்.எக்ஸ்.-இல் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டுமா?

---

பழைய பட்டறை (மதுரை) எழுதியது:

தம்பி, ஜெட்டை உடனே தொடாதீர்கள். புதுப் பிளக் ஒன்று போட்டு, நெடுஞ்சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டி, ஆக்சிலேட்டரைத் திருப்பாமல் கிளச்சைப் பிடித்து அப்படியே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் இருக்கும் ஜெட்டே போதும். வெளுத்துச் சாம்பல் பூத்தது போல இருந்தால் ஓர் அளவு பெரிய ஜெட் போட்டு மறுபடியும் இதே சோதனை. ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். இந்தப் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்.

மகளுக்குக் கற்றுக்கொடுக்கும்போது கொள்ளிடக்கரைப் பக்கம் காலை நேரத்தில் அழைத்துப் போங்கள். அந்த வண்டி முதல் கியரில் முன்சக்கரத்தைத் தூக்கும். கிளச்சை மெல்ல விட முதல் நாளே பழக்கிவிடுங்கள்.