பை வைத்த பிறகு தூக்கமே இல்லை, எரிச்சல் தாங்கவில்லை – அவசரம்

நெல்லைப்பெண் (அதிகாலை 3.10)
வணக்கம். பை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த இரவில் மட்டும் இதுவரை ஒன்பது முறை எழுந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மிளகாய்ப் பொடியைத் தூவியதுபோல எரிகிறது. உட்கார முடியாமல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவும் தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்யலாம், யாராவது சொல்லுங்கள்.

பொன்னிவயல்
பை ஒட்டிய இடத்தைச் சுற்றித் தோல் எரிகிறதா அம்மா? ஒட்டும் தட்டின் துளையைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். குடல்வாயை, அதாவது மலம் வெளியேற வயிற்றில் வைத்த துளையை அளந்து, அதன் அளவுக்கே வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். என் அப்பாவுக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

மலைக்கோட்டை47
ஒன்பது முறை எழுந்தது பையைக் காலி செய்யவா? பெரிய பையாக வாங்கிக்கொள்ளலாமே.

நெல்லைப்பெண்
வெளியே பை இல்லை, அதை எடுத்தாகிவிட்டது. இது உள்ளே வைத்த பை.

ஆய்வுமேசை
இந்தக் குழப்பத்தைப் பற்றி இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன், படிப்பவர்தான் இல்லை. வயிற்றின் மேல் ஒட்டுவதையும் 'பை' என்கிறோம், உள்ளே தைப்பதையும் 'பை' என்கிறோம். இவர் சொல்வது ஜே-பவுச். பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை ஜே எழுத்துபோல மடித்துத் தைத்து, ஆசனவாயுடன் இணைப்பார்கள். அது ஆறும்வரை மலம் தற்காலிகக் குடல்வாய் வழியாக வெளியேறும், பிறகு அதை மூடிவிடுவார்கள். 1978இல் லண்டனில் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற அறுவை மருத்துவர்கள் இருவரும் எஸ் வடிவில் செய்ததை வெளியிட்டார்கள். ஜே வடிவம் ஜப்பானியரான உட்சுனோமியா 1980இல் வெளியிட்டது. இனி கேள்விக்கு வருவோம். எந்த நோய்க்காகச் செய்தார்கள், குடல்வாயை மூடி எத்தனை நாள், என்ன மருந்து, காய்ச்சல் உண்டா, எதுவும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கரிசல்அக்கா
ஐயா, அந்தப் பெண் விடியற்காலையில் வலியோடு எழுதியிருக்கிறார். கொஞ்சம் மெதுவாகக் கேட்கலாம்.

தங்கையே, எனக்கு இது ஒன்பதாவது வருடம். முதல் மாதம் நானும் இப்படித்தான் அழுதேன். தண்ணீரை உறிஞ்சப் பெருங்குடல் இல்லாததால் பித்தமும் செரிமான நீரும் அப்படியே கீழே இறங்குகின்றன. தோலை அரிப்பது அதுதான். கைக்குழாயைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள். குவளையில் வெதுவெதுப்பான நீர் எடுத்து ஊற்றுங்கள். சோப்பு வேண்டாம். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கவே கூடாது. ஈரம் போனதும் ஜிங்க் ஆக்சைடு களிம்பைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோலத் தடிமனாகப் பூசுங்கள். அடுத்த முறை அழுக்கான மேல்பூச்சை மட்டும் எடுத்துவிட்டு, அதன் மேலேயே மறுபடி பூசுங்கள். எரியத் தொடங்கிய பிறகு பூசுவதைவிட, எரியும் முன்பே பூசுவது மேல்.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். குழைந்த சாதம், தயிர், வாழைப்பழம், மசித்த உருளைக்கிழங்கு ஆகியவை மலத்தைக் கெட்டிப்படுத்தும். மிளகாய் போகும்போதும் எரிக்கும், இப்போதைக்குத் தொடாதீர்கள்.

மலைக்கோட்டை47
போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பும் படுக்கும் முன்பும் போட்டால் நின்றுவிடுமே. ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்?

தென்னந்தோப்பு
மருந்தே வேண்டாம். தினமும் நான்கு இளநீர் குடியுங்கள். உடம்பு குளிர்ந்தால் எரிச்சல் தானாக அடங்கும்.

ஆய்வுமேசை
இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. பெருங்குடல் இல்லாதவர் இழப்பது முக்கியமாக உப்பை. ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் சரி.

தென்னந்தோப்பு
காலங்காலமாக வயிற்றுப்போக்குக்கு நம் வீடுகளில் இளநீர்தானே கொடுத்தார்கள்? பொட்டலத்தில் வருவதுதான் மருந்தா?

பொன்னிவயல்
பெருங்குடல் உள்ளவருக்குக் கொடுத்ததை இல்லாதவருக்கும் பொருத்த முடியாதே. என் அப்பாவுக்குக் குடல்வாய் இருந்தபோது வெறும் தண்ணீரும் இளநீருமாகக் குடித்துக் கால் கெண்டை இழுத்து, கடைசியில் குளுக்கோஸ் ஏற்றினோம். இளநீர் பிடித்தால் உப்புப் போட்டுக் குடிக்கட்டும்.

தென்னந்தோப்பு
உப்புப் போட்டு என்றுதான் நானும் சொல்கிறேன்.

ஆய்வுமேசை
முதல் பதிவில் உப்பு என்ற சொல்லே இல்லை.

கரிசல்அக்கா
இளநீரை விட்டுவிடுங்கள். தங்கையே, ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். போகும்போது தாராளமாகப் போகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா?

நெல்லைப்பெண் (காலை 7.45)
மன்னிக்கவும், எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். பெருங்குடல் புண் நோய் (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) எட்டு வருடமாக இருந்தது. குடல்வாயை மூடி இன்றோடு 12 நாள். காய்ச்சல், வாந்தி இல்லை. முக்கினால் நூல்போலக் கொஞ்சம் வருகிறது, நின்றுவிடுகிறது. பத்து நிமிடத்தில் மறுபடி ஓட வேண்டியிருக்கிறது. உள்ளே பாதி தங்கிவிட்டதுபோலவே இருக்கிறது.

கரிசல்அக்கா
அப்படியானால் இது வெறும் ஆரம்பகாலத் தொல்லை என்று விட்டுவிட முடியாது. குடல்வாய் இருந்த மாதங்களில் கீழே எதுவும் போகாததால், பையை இணைத்த இடம் சுருங்கிவிடுவது உண்டு. வழி குறுகலானால் பை காலியாகாது, திரும்பத் திரும்ப ஓட வேண்டிவரும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் போக்கை நிறுத்தும் மாத்திரை போட்டால் தேக்கம்தான் கூடும். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் போகாமல் நின்றாலோ, காய்ச்சல் வந்தாலோ எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். களிம்பு மட்டும் தொடரட்டும்.

மலைக்கோட்டை47
இது எனக்குத் தெரியாது. முன்பு சொன்ன மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள் தங்கையே.

ஆய்வுமேசை
கரிசல்அக்கா சொல்வது சரி. முக்க வேண்டியிருக்கிறதா என்று நானும் கேட்டிருக்க வேண்டும்.

தென்னந்தோப்பு
போய்வந்து ஒரு வரி எழுதுங்கள் அம்மா. காத்திருக்கிறோம்.

நெல்லைப்பெண் (ஐந்து நாள் கழித்து)
இணைப்பு சுருங்கித்தான் இருந்தது. மருத்துவர் அங்கேயே விரலால் விரித்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். நேற்று இரவு மூன்று முறைதான். அம்மா தூங்கினார். நன்றி அக்கா.

வடகரை
விரிக்கும்போது மிகவும் வலித்ததா? என் அண்ணனுக்கும் இதே பிரச்சினை, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். மிகவும் பயப்படுகிறார். தயவுசெய்து சொல்லுங்கள்.